கூதிர்காலத்து மலைச்செலவும் சக்கரத்து எலுமிச்சையும்: வெம்பக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு பொருள்கோள் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தீபாவளி கழிந்து பட்டாசு ஆபிஸ்கள் பூட்டிக் கிடக்கும் நாள்களில் வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்து மக்கள் வேன் பிடித்து மலைக்குப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் “சும்மா ஒரு டூர்” என்கிறார்கள். ‘சும்மா’ என்ற விடை ஆய்வுலகில் செல்லாது. ஆகவே இக்கட்டுரை. (ஆபிஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று எண்ணிக்கொள்ளும் வெளியூர் ஆய்வாளர் கவனத்துக்கு: இங்கே தீப்பெட்டி ஆபிஸ், பட்டாசு ஆபிஸ் என்றால் ஆலை.)

ஆய்வின் தேவை

சில மாதங்களுக்கு முன் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பன்னாட்டுக் கருத்தரங்கு என்பது, வெளிநாட்டிலிருந்து ஒருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பிய உள்ளூர்க் கருத்தரங்கு. அங்கே ஒருவர் பத்துப்பாட்டில் படிக்கட்டைத் தேடி முக்கால் மணி நேரம் பேசினார். படிக்கட்டு அதிகம் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அடுத்து வந்தவர், முன்னவர் தவறவிட்ட ஒரு படியைச் சுட்டிக்காட்டினார். கைகலப்பு நிகழும் நிலையில் சாப்பாட்டு மணி அடித்தது. பதிவுக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் வடை உண்டு என்று அறிவித்தார்கள். வடை இல்லாத வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான், இவ்வளவு கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வேன் டூரை யாரும் தொடவில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஆய்வு இடைவெளி என்பது இதுதான். மற்றவர்களுக்கு அது நூலகத்தில் கிடைக்கிறது. எனக்கு வயிற்றில் கிடைத்தது.

சொல்லாய்வு

‘செலவு’ என்றால் பழந்தமிழில் பயணம். இன்றைக்குப் பணம் கரைவது. சொல் பொருள் திரிந்துவிட்டது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாரச் சம்பளத்தில் சனிக்கிழமை தோறும் நூறு ரூபாய் டூர்ச் சீட்டுக் கட்டிய எங்கள் பெரியம்மாவைக் கேட்டால், எங்கேயும் திரியவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்பார். தலைவன் புறப்பட நினைத்துப் பின் தயங்கி நின்றுவிடுவதைச் ‘செலவழுங்குதல்’ என்பது இலக்கணம். எங்கள் தெருவில் இது ஆண்டுதோறும் நிகழ்கிறது. வேன் வாடகையைச் சொன்ன மறுகணம் நிகழ்கிறது.

பொழுதியல்

மேலை நாட்டார் இந்தப் பருவத்தை இலையுதிர்காலம் என்கிறார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கம் மேப்பிள் மரத்து இலை சிவந்து உதிர்வதைப் பார்ப்பதற்கென்றே காரை எடுத்துக்கொண்டு மலையூர் மலையூராகச் சுற்றுகிறார்கள். ஜப்பானியர்களும் அப்படித்தான். ஜப்பான் என்றவுடன் எங்களுக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது. பக்கத்துச் சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பேர். ஆனால் பெரிய ஜப்பானில் ஐப்பசியில் சிவக்கும் மரம் குட்டி ஜப்பானில் சிவப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்து வறண்ட காடு இலை கொட்டுவதெல்லாம் தை பிறந்த பிறகு. இன்னும் மேலே ஏறினால் சோலைக்காடு. அங்கே எப்போதும் பச்சை. நடுவில் ஒரு மரம் செக்கச் செவேலென்று தெரிந்தால், அது உதிரப்போகிற இலையின் சிவப்பு அல்ல, அப்போதுதான் விட்ட தளிரின் சிவப்பு. உலகமே கிழட்டு இலையைப் பார்க்கப் போகும்போது நாம் பிள்ளை இலையைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். வரி நன்றாக இருந்தால் மதிப்பீட்டாளர் ‘இது கட்டுரையா, கவிதையா’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழில் கூதிர்காலம். எங்கள் ஊரில் அந்தப் பருவத்தைத் தீர்மானிப்பது இலையன்று, மருந்து. அடைமழையில் மருந்து காயாது. தீபாவளியோடு சரக்கும் தீர்ந்திருக்கும். போனஸ் வாங்கிக் கதவைச் சாத்தினால், சில வாரம் கழித்துப் பூஜை போட்டுத்தான் மறுபடி திறப்பார்கள். நாடு முழுவதும் வெடி வெடிக்கும் இரவில், அதைச் செய்தவர்களில் பாதிப் பேர் அசதியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பண்டிகை அதற்கு அடுத்த வாரம், வேனில் வருகிறது.

திணையியல்

இங்கேதான் இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு. மலைநிலமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். அதாவது மலை, ஐப்பசி, நள்ளிரவு. டூர் வேன் எந்தக் காலத்தில் போகிறது? ஐப்பசியில். எங்கே? மலைக்கு. எத்தனை மணிக்கு? நள்ளிரவில். இத்தனை நூற்றாண்டாக உரையாசிரியர்கள் களவொழுக்கத்துக்கான இலக்கணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு டூர் புரோகிராம்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் பதினொன்றரைக்கு வரும். அதற்குள் ஒருவர் ‘இந்தா வந்துட்டேன்’ என்று வீட்டுக்குப் போயிருப்பார். அவரைக் கூட்டிவரப் போனவரைக் கூட்டிவர இன்னொருவர் போவார். கிளம்பும்போது மணி ஒன்று. இரவு பத்து முதல் இரண்டு வரை யாமம் என்பதால், எவ்வளவு தாமதித்தாலும் இலக்கணம் வழுவுவதில்லை. இந்தத் தாமதத்துக்கும் இடம்விட்டுத்தான் தொல்காப்பியர் நான்கு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்ச்சி. இதையும் பலர் விபரீதமாகப் பொருள் கொண்டுவிட்டனர். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில், மடிப்பிள்ளைகள் நீங்கலாக, பத்தொன்பது பேர் உட்கார்வதையே அச்சொல் குறிக்கிறது என்பார் சித்தப்பா (சித்தப்பா உரை, பின்சீட்டுப் பதிப்பு).

கருப்பொருள்கள் காலத்தால் சற்று மாறியுள்ளன. தினைக்குப் பதில் வீட்டில் செய்த சாக்லேட். தேனுக்குப் பதில் தேன் என்று எழுதிய பாட்டில். பறைக்குப் பதில் ஸ்பீக்கர். புலிக்குப் பதில் குரங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காட்டை 2021இல் புலிகள் காப்பகமாக அறிவித்த பிறகும் எங்கள் வேனில் யாரும் புலியைப் பார்த்ததில்லை. குரங்கு மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறது, பையை வாங்கிக்கொள்கிறது, போகிறது.

எங்கள் கரிசலுக்குத் தொல்காப்பியர் திணையே கொடுக்கவில்லை. அதற்குக் கி. ராஜநாராயணன் வரவேண்டியிருந்தது. சொந்தத் திணை இல்லாதவர்கள் அடுத்த திணைக்கு வாடகை வேனில் போவது இயல்பே.

நெய்தற் கட்சியாரின் மறுப்பும் அதற்கு விடையும்

வீட்டில் ஒரு சாரார் மலை வேண்டாம், திருச்செந்தூர் போவோம் என்று ஆண்டுதோறும் கிளப்புவார்கள். இவர்களுக்குத் தொல்லியலே துணை நிற்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரை விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச் முதல் அகழாய்வு நடந்தது. குழி குழியாகத் தோண்டியதில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கரிசலில் விளையாது. ஆகவே நம் முன்னோர் டூர் போனது கடற்கரைக்கே என்பது நெய்தற் கட்சி.

விடை: அதே குழிகளில் சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்துள்ளன. பாண்டி விளையாடும் சில்லு என்று பார்த்தவுடன் தெரிகிறது. பார்த்தவுடன் தெரிவதை வைத்து யாரும் பேரறிஞர் ஆனதில்லை. வட்டமாக இருப்பது சக்கரம். சக்கரம் இருந்தால் வண்டி இருந்திருக்க வேண்டும். வண்டி இருந்தால் டூர் இருந்திருக்க வேண்டும். மேற்கே பார்த்தால் தெளிந்த நாளில் மலை நீலக்கோடாகத் தெரிகிறது. ஆகவே அங்கேதான் போயிருக்க வேண்டும். ஓர் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தையும், நான்கு வீதியையும், வீதியில் நடந்த ஒரு திருமணத்தையும் எழுதிவிடுகிறவர்கள் இருக்கும்போது நான் ஒரே ஒரு வேனோடு நிறுத்திக்கொண்டேன்.

அகமா, புறமா

நெடுநல்வாடை 188 அடி உள்ள கூதிர்காலப் பாட்டு. கணவன் பாசறையில், மனைவி கட்டிலில் தூங்காமல். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அகப்பாட்டு. ஆனால் ஓரிடத்தில் ஒரு வேலில் வேம்பு கட்டியிருந்தது என்று வந்துவிட்டது. வேம்பு பாண்டியன் அடையாளம். அகத்தில் இன்னார் என்று காட்டக் கூடாது. எடு, புறத்தில் போடு என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்த்துவிட்டார். ஒரு கொத்து வேப்பிலையால் 188 அடி இடம்பெயர்ந்தது.

எங்கள் வேன் முகப்பிலும் வேப்பிலைக் கொத்து. ஊர்ப் பேரிலேயே வேம்பின் வாடை. ஆகவே வெம்பக்கோட்டை மலைச்செலவு புறத்திணையே. நான்கு நாள் கூடவே இருந்து, ஒரே குளியலறைக்குப் பத்தொன்பது பேர் வரிசையில் நின்று திரும்பியவர்களும், அது போர் சம்பந்தப்பட்டது என்பதை உறுதிப்படுத்துகிறார்கள்.

இடத்தேர்வியல்

மலையூரின் மேன்மையைக் கொண்டை ஊசி வளைவால் அளப்பது ஆண்கள் மரபு. கொல்லிமலை 70. ஆழியாறிலிருந்து வால்பாறை 40. கல்லட்டி 36. ஏற்காடு 20. மேகமலை 18. போடிமெட்டு 17. இந்த எண்களை எங்கள் மச்சான் கொடிமரத்தடியில் நின்று மந்திரம்போலச் சொல்லுவார். பெண்கள் மரபில் அளவை வேறு: எத்தனையாவது வளைவில் முதல் குமட்டல் என்பது.

கொடைக்கானல் 1863இல் ஏரி கட்டப்பட்ட ஊர்; வேர் லெவிஞ்சு என்ற ஆங்கில அதிகாரி கட்டினார். 1872இல் கோக்கர் என்பவர் பாறை விளிம்பில் நடைபாதை போட்டார். இருவருக்கும் இ-பாஸ் தேவைப்படவில்லை. 2024 மே 7 முதல் எங்களுக்குத் தேவைப்படுகிறது. போன்காரர் நான்கு பேர் நான்கு விதமாக விண்ணப்பித்து, வண்டி எண்ணை நான்கு விதமாக அடித்ததில், கொடைக்கானல் கைவிடப்பட்டது. ஊட்டி தூரம். குற்றாலம் ஆனி ஆடிச் சாரலுக்கானது. ஐப்பசியில் வெள்ளம் வந்து அருவிக்கு அருகே விடமாட்டார்கள். மூணாறு தேர்வானது. நீலக்குறிஞ்சி பூத்திருக்குமா என்று அத்தை கேட்டார். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2018, இனி 2030 என்றேன். “அப்ப 2030க்கும் சேத்துச் சீட்டுப் போட்டுருவோம்” என்றார்.

வழி: சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு. மலைப்பாதைக்கு வழிகாட்டும் தமிழின் மூத்த நூல் மலைபடுகடாம். 583 அடியில் பாம்பு, பள்ளம், வழுக்குப் பாறை, கவண்கல் எல்லாவற்றையும் எச்சரித்த புலவர் பார்க்கிங் கட்டணத்தை விட்டுவிட்டார்.

உணவியல்

சாத்தூர் காராச்சேவு.

எலுமிச்சையியல்

வேன் கிளம்புமுன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது மரபு. இதில் கருத்து வேறுபாடே இல்லை. எத்தனை பழம் என்பதில்தான் தமிழுலகம் பிளவுண்டு கிடக்கிறது.

நாற்பழக் கொள்கை தொன்மையானது. வண்டி என்றால் நாலு சக்கரம், நாலு சக்கரத்துக்கு நாலு பழம் (பெரியப்பா உரை, திண்ணைப் பதிப்பு, முதல் வெற்றிலை). ‘வண்டி என்றால் மாட்டுவண்டிக்கு ரெண்டுதானே’ என்று இடையில் நுழைந்த பேரனின் கருத்து இடைச்செருகல் என ஒதுக்கப்பட்டது.

அறுபழக் கொள்கையைத் தொடங்கியவர் டிரைவர் தம்பி. வந்திருந்த வேனுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம். முன்னே இரண்டு, பின்னே நான்கு, ஆக ஆறு என்பது அவர் வாதம் (டிரைவர் வாய்மொழி, டயரோரம் குந்தியிருந்தபோது, டார்ச் வெளிச்சம், இரவு 12.10). பெரியப்பா உடனே மறுத்தார். இரட்டைக் கிளவி பிரிந்து தனித்து வராதது போல இரட்டைச் சக்கரமும் பிரிந்து வராது. சலசல என்பது ஒரே சொல்லானால் இதுவும் ஒரே சக்கரமே. இதை அவர் இந்தச் சொற்களில் சொல்லவில்லை. “ரெண்டும் சேந்துதானப்பா ஓடுது” என்றார். உரைக்கும் மூலத்துக்கும் உள்ள இடைவெளி எப்போதும் இவ்வளவுதான்.

இரு கட்சியையும் சமாதானப்படுத்த மச்சான் கொண்டுவந்தது இடைப்பழக் கொள்கை: இரட்டைச் சக்கரத்தின் நடுச் சந்தில் ஒரே பழத்தை வைத்தால் இரண்டுக்கும் ஆயிற்று. சோதனை ஓட்டம் நிகழ்த்தப்பட்டது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஏறிப் போயின. பழம் நடுவில் ஒரு கீறலும் இல்லாமல், புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. நசுங்காத பழம் திருஷ்டியைக் கழித்ததா, அல்லது எல்லாத் திருஷ்டியையும் உள்ளே வாங்கிக்கொண்டு இப்போது முன்னைவிட ஆபத்தாகிவிட்டதா? அதைத் தொட யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. நாயின் இந்த மறுப்பைச் சான்றாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது.

இந்நிலையில் மைனி வாசற்படியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஸ்டெப்னிக்கு வைக்க வேண்டாமா?” (மைனி வினா, அடுப்படிச் சுவடி, ஓரம் எண்ணெய்க் கறை, பாட வேறுபாடு: ‘நான் அப்படிக் கேக்கவே இல்ல’.)

ஆய்வுலகம் ஸ்தம்பித்தது. ஓடாத சக்கரத்துக்குக் கண்ணேறு உண்டா? ஸ்டெப்னியை ‘தோன்றா எழுவாய்’ என்று கொள்வதே என் துணிபு. ‘வந்தான்’ என்ற சொல்லில் ‘அவன்’ கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது போல, வண்டிக்கடியில் அது கண்ணுக்குத் தெரியாமல் தொங்குகிறது. தோன்றாவிட்டாலும் எழுவாய் எழுவாயே. பயனிலை அதற்கும் உண்டு. ஆகவே ஏழுபழக் கொள்கை.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி இன்றியமையாதது. ஸ்டெப்னி என்ற சொல் எங்கிருந்து வந்தது? வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பேர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே வழக்கொழிந்தும் இங்கே நிலைத்துவிட்டது. இதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையால் யாருக்கு என்ன பெருமை? செப்பனிடுவது செப்பனி, செப்பனி டகரம் ஏற்றுச் செட்பனி, மேலைக் கடல் தாண்டும்போது உப்புக்காற்றில் முறுகி ஸ்டெப்னி. வேல்ஸ்காரர்கள் நம்மிடமிருந்து சக்கரம் வாங்கிப் போனதற்கு, மேற்சொன்ன வட்டச்சில்லே சான்று. உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழுக்குக் கூட்டிவந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடையில் உட்கார வைக்கும் அன்பர்களுக்கு இப்பத்தியைக் காணிக்கையாக்குகிறேன்.

சக்கரத்து எலுமிச்சை ஒருபுறம் இருக்க, மூக்கெலுமிச்சை மறுபுறம். வளைவில் குமட்டல் வராமலிருக்க முகர்வதற்கென்று வைப்பது. சக்கரத்துக்கு வாங்கிய பழத்தை மூக்குக்கு எடுக்கலாமா? எடுக்கலாம், மூக்குக்கு வைத்ததைச் சக்கரத்துக்கு இறக்கக் கூடாது. இது பற்றிய விரிவுக்குக் காண்க: அத்தை, ‘எலுமிச்சையும் என் கல்யாணமும்’, தொகுதி 1 முதல் 14 வரை. உசிலம்பட்டி தாண்டும்வரை இடைவிடாமல் வெளிவந்தது. இதில் 6ஆம் தொகுதி முழுவதும் 4ஆம் தொகுதியின் மறுபதிப்பு. 9இல் என் மாமாவைப் பற்றி வரும் பகுதிகளைக் குடும்ப அமைதி கருதி நீக்கியுள்ளேன். 15ஆம் தொகுதி, ஆண்டிபட்டிக் கணவாயில் அத்தை தூங்கிவிட்டதால் கிடைக்கவில்லை. ஆய்வுக்கு வேண்டிய முடிவு அதில்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. கிடைக்காத நூல்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

மூக்கெலுமிச்சையைப் பயன்படுத்தும் முறையைப் பெரியம்மாவிடம் நேரில் கண்டேன். பழத்தை அறுப்பதில்லை. நகத்தால் தோலை ஒரு கீறு கீறி, கீறிய இடத்தை மூக்கருகே வைத்துக்கொள்கிறார். வேனின் நீல விளக்கில் விரல்கள் வெள்ளியாக மின்னின. அலுமினியப் பொடி. நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் போய் உட்கார்ந்துகொண்டு, தேங்காய் எண்ணெய்க்கும் சீயக்காய்க்கும் அசைந்து கொடுக்காமல் மாதக்கணக்கில் இருக்கும். “பழத்துல படுதா பெரியம்மா?” என்றேன். “படட்டுமேய்யா, நாந்தான முகரப் போறேன்” என்றார்.

அன்று இரவின் இறுதித் தீர்ப்பு: வயதில் மூத்தவர் பெரியப்பா என்பதால் நாற்பழம். வாங்கியது ஏழு. நான்கு சக்கரத்துக்குப் போயின. இரண்டு மூக்குக்குப் போயின. ஏழாவது, ஸ்டெப்னிப் பழம், தீர்ப்பில் தோற்ற கட்சியின் சின்னமாகக் காராச்சேவுப் பைக்குள் கிடந்தது. (எண்ணிப் பார்க்கும் வாசகருக்கு: இடைப்பழச் சோதனைக்கு உள்ளான பழம் இந்த நான்கில் ஒன்றா என்று கேட்கக் கூடாது. அதைத் துடைத்துத் திரும்ப வைத்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் இன்னும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார்.)

இருக்கையியல்

சன்னலோரம் யாருக்கு என்பதில் முடிந்த முடிபு எதுவும் எட்டப்படவில்லை.

கள ஆய்வு

விடிகிற நேரம். போடி தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது வளைவு. மச்சான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததால் எண்ணில் பிழை இராது. வளைவின் நடுவே டமார் என்று ஒரு சத்தம்.

வேனுக்குள் எல்லாரும் ஒரே நொடியில் விழித்தார்கள். பெரியம்மா கண்ணைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டார்: “எந்த ஆபிஸ்லய்யா?”

டயர்தான் பெரியம்மா, நாம போடிமெட்டுல இருக்கோம் என்றேன். சன்னலைத் தள்ளி வெளியே பார்த்தார். வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் வானத்தில் புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். அங்கே எல்லாத் திசையிலும் வெள்ளையாக இருந்தது. மூடுபனி என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. இந்தப் பகுதிக்கு நான் உரை எழுதவில்லை.

வெடித்தது பின்பக்க இரட்டையில் உள்சக்கரம். அறுபழக் கட்சி தலைநிமிர்ந்தது. டிரைவர் தம்பி ஒன்றும் பேசாமல் பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு வண்டிக்கடியில் நுழைந்து ஸ்டெப்னியை இறக்கினார், தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். அதிலும் காற்றில்லை. ஏழுபழக் கட்சியும் தலைநிமிர்ந்தது. உலகில் இரு கோட்பாடுகள் ஒரே காலையில், ஒரே வளைவில், ஒரே ஜாக்கியின் மேல் நிறுவப்பட்ட நிகழ்வு வேறு இல்லை. வேன்காரர் போன வாரமே டயரை மாற்றியிருக்க வேண்டும் என்று மச்சான் முணுமுணுத்தார். அது காரணம்தான், ஆனால் அதில் கோட்பாடு இல்லை.

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் மேலே போய்க்கொண்டிருந்தன. கீழே இறங்கும் ஜீப் ஒன்று வந்ததும் இரண்டு சக்கரத்தையும் அதில் ஏற்றிக்கொண்டு டிரைவர் தம்பி போடிக்குப் போனார். நாங்கள் ஒன்பதாவது வளைவில் மூன்று மணி நேரம் இருந்தோம்.

காட்சியியல் என்று தனி இயல் எழுத எண்ணியிருந்தேன். அதற்கு வேண்டிய தரவுகள் அனைத்தும் அந்த மூன்று மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டன: வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் பள்ளமா சமவெளியா என்று தெரியாத வெள்ளை. மூணாறு வந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் இறங்கி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகப் படம் எடுத்தார்கள். பிறகு மூணாற்றில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறுபாடு இல்லை. ஒன்றில் மட்டும் ஜாக்கி தெரிகிறது.

அத்தை சீனிச்சேவையும் காராச்சேவையும் பிரித்தார். பெரியப்பா சுவரில் உட்கார்ந்து, இரட்டைச் சக்கரம் பற்றித் தமது கருத்தை மறுபரிசீலனை செய்ய இசைந்தார். ஆனால் அடுத்த பதிப்பில்தான் என்றார். நான் என் நோட்டை எடுத்து, காராச்சேவுப் பைக்குள் கிடந்த ஏழாம் பழத்தின் எடை, சுற்றளவு, நிறம், காம்பு இருந்த திசை எல்லாம் குறிக்க உட்கார்ந்தேன். தமிழாய்வு வரலாற்றில் முதன்மைச் சான்று ஒன்று சேவுத்தூள் ஒட்டியபடி முழுசாகக் கையில் கிடைத்திருந்தது. அளக்க நூல் வேண்டும். வேனுக்குள் போய்ப் பூக்கட்டிய நாரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டிருந்தது. டிரைவர் தம்பி குளிரிலும் வியர்த்துப்போய்ச் சக்கரத்தை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். கையில் கத்தி; சுவரின் மேல் இரண்டு மூடித் தோல்.

“பெரியம்மா, அது ஸ்டெப்னிப் பழம்!”

“தம்பி ராவெல்லாம் ஓட்டிட்டு வந்துருக்குய்யா.”

ஏடுகளைக் கறையான் தின்றதை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். என் சான்றை டிரைவர் தம்பி ஒரே மடக்கில் குடித்தார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்தார்.